பன்னிரண்டு பாளம் ஐஸ்

அமலோற்பவம் அந்த ஆர்மடாவை
அவனியாபுரம் பைபாஸில் என் ஷெட்டுக்குள் விட்டபோது
சித்திரை மாதம், மணி பன்னிரண்டரை.
பானெட்டில் கை வைத்த துரைச்சிங்கம்
கையை எடுத்து உதறினான்.
"இது பனியில ஓடணும்" என்றார்.

தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
தலையில் துண்டைக் கட்டினால் தீர்ந்துபோகிற
அந்தப் பனிதான் எனக்குத் தெரியும்.
"அதில்லப்பா. முட்டி அளவு."
முட்டி அளவு தண்ணீரில் ஓட்டியிருக்கிறேன்,
முட்டி அளவு மணலிலும், வைகைக்குள், ராத்திரியில்.
(அதை இங்கே விவரிக்க வேண்டாம்.)
ஏன் என்று கேட்டேன்.
"முப்பத்தோரு வருஷம் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தேன்.
ஒருத்தர்கிட்டயும், ஏன் பேசுறீங்கன்னு கேட்டதில்ல."

தொண்ணூற்றேழாம் வருஷத்து வண்டி.
முன் ஹப் இரண்டும் துருவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.
ஃபோர் வீல் போடுகிற குச்சியில்
இத்தனை வருஷமும் யாரோ குடை மாட்டியிருக்கிறார்கள்,
கைப்பிடித் தடம் இருந்தது.
பட்டையில் இரண்டு அங்குலம் தூக்கினேன்.
அடிவயிற்றுக்குத் தகடு,
கீழவளவுப் பக்கம் படுத்துவிட்ட ஒரு டிப்பரின் தொட்டியில் வெட்டியது.
கிரானைட் விழுந்து விழுந்து
அதற்குக் கல் என்றால் பயமில்லை.
மூச்சுக்குழாயைக் கூரை வரை ஏற்றினேன்.
ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர், பாதிக்குப் பாதி.
கொதிக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.
உறையக் கூடாது என்று ஊற்றியது
அதுதான் முதல் தடவை.

ஹீட்டரின் குழாயை
எனக்கு முந்தி ஒருத்தன் அறுத்து அடைத்திருந்தான்.
அவன்மேல் தப்பில்லை, இது மதுரை.
திரும்ப இணைத்து,
கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு
நாற்பத்தொரு டிகிரியில்
நானும் துரைச்சிங்கமும் உள்ளே உட்கார்ந்து சோதித்தோம்.
பத்து நிமிஷம்.
வேலை செய்தது.
இறங்கி வெயிலில் நின்றபோது குளிர்ந்தது.

சங்கிலி மாட்டிப் பார்க்காமல் அனுப்ப மனசு வரவில்லை.
மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் சொல்லி
பன்னிரண்டு பாளம் ஐஸ்
விடியற்காலை நாலரைக்கு இறங்கியது.
சம்மட்டியால் உடைத்துச் சரிவில் பரப்பினோம்.
வஞ்சிர வாசனையோடு ஒரு இமயமலை,
நீளம் பதினைந்து அடி.
டீக்கடைக்காரர் வந்தார்,
மல்லிகை மூட்டையோடு போன டிவிஎஸ் ஃபிஃப்டி நின்றது.
முதலில் சும்மா ஏற்றிப் பார்த்தார் அம்மா.
பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றி
எங்கள் முகத்தில் ஐஸை வாரி அடித்தது.
பிறகு ஹப்பைத் திருகி, சங்கிலி பூட்டி,
குச்சியை லோவில் தள்ளி
நாலு சக்கரமும் நறநறவென்று கடிக்க,
ஏறியது.
உச்சியில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.
ஆறே முக்காலுக்கு
இமயமலை சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது,
ஒரு நாய் கூடவே நக்கிக்கொண்டு.

ஐப்பசியில் கிளம்பினார்.
அன்று சாயங்காலம் தட்டைத் துடைக்கும்போது
ஒரு போல்ட் மிச்சம் இருந்தது.
பதினேழாம் நம்பர். பழசும் இல்லை.
துரைச்சிங்கம் என்னைப் பார்த்தான்.
நான் கூரையைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் போன்.
காஜாவுக்கு மேலே, வாயில் நுழையாத ஊர் ஒன்றைச் சொன்னார்.
"முட்டிக்கும் மேலயே இருக்கு."
முன்பக்கம் ஏதாவது சத்தம் வருதாம்மா?
"இருப்பா" என்று போனை வெளியே நீட்டினார்.
முப்பத்தோரு வருஷம் லைன் பிடித்த கை,
ஆடியிருக்காது.
எஞ்சின் கேட்டது.
அப்புறம் அணைத்துவிட்டார்.
அதற்கப்புறம் கேட்டதற்கு என்னிடம் பெயர் இல்லை,
லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.
"கேக்குதா?"
கேக்குது என்றேன்.
போல்ட் சட்டைப் பையில் கிடந்தது,
என் உடம்புச் சூட்டில்.